துள்ளாத ஹார்னெட் எதற்கு?

“பின்பக்கத்தை முழுசா மாத்திட்டேன், இப்ப துள்ளவே மாட்டேங்குது” என்று ஹார்னெட் வைத்திருப்பவர் யாராவது பெருமையோடு சொன்னால் எனக்கு வாழ்த்தத் தோன்றுவதில்லை. மரியாதைக்குச் சிரித்துவைப்பேன். நான்கு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குகிற வண்டி வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த வண்டிகள் நிறைய இருக்கின்றன. 1984-இல் டாமியா வெளியிட்ட அந்தக் கறுப்பு ரிமோட் வண்டியைத் தேடிப்பிடித்து வாங்கி, அதன் பின்கட்டைக் கழற்றிக் கடாசிவிட்டு, வேறொரு வண்டியின் கைகளையும் ஷாக்குகளையும் பூட்டி ஓட்டுவதில் என்ன ரசனை இருக்கிறதோ தெரியவில்லை. பாடிதான் ஹார்னெட். ஓடுவது வேறு ஏதோ.

துள்ளல் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு தடவை கியர்பாக்ஸைக் கழற்றியவர்களுக்குத் தெரியும். மோட்டார், பல்சக்கரம், டிஃபரென்ஷியல் எல்லாம் ஒரே பெட்டிக்குள். அந்தப் பெட்டி முன்பக்கம் சேஸியில் கீல்போல மாட்டியிருக்கும், பின்பக்கம் இரண்டு எண்ணெய் ஷாக்குகள் தாங்கும். அச்சு வளையாது. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அடுத்த சக்கரமும் கூடவே சாய வேண்டும். ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டிய மோட்டாரும் கியரும் அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வருகின்றன. வண்டியின் மொத்த எடையோடு ஒப்பிட்டால் இது பெரிய சுமை. அத்தனை எடை ஒரு மேட்டில் ஏறி மேலே கிளம்பினால், அதை அடக்கிக் கீழே உட்காரவைக்க அந்தச் சின்ன ஷாக்குகளுக்குச் சக்தி போதாது. வரிவரியாக மேடுபள்ளம் இருக்கிற மண்ணில் முழு வேகத்தில் விட்டால், கயிறு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போலப் பின்பக்கம் இடமும் வலமுமாகக் குதித்துக்கொண்டே போகும். நேராகத்தான் போகும், ஆனால் எந்த நேரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஓட்டுகிறவரின் விரல்கள் முன்கூட்டியே உணர்ந்து ஸ்டியரிங்கை ஒரு நூல் திருப்பிவைத்திருக்க வேண்டும். அந்த ஒரு நூலில்தான் ஹார்னெட் ஓட்டுவதன் ருசி எல்லாம் இருக்கிறது.

இதைச் சொன்னால் என் நண்பர் ஒருவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் ஆர்.சி.10 பக்தர். வருஷக் கணக்குப் பார்த்தால் அவர் வாதத்துக்கு வலுவும் இருக்கிறது. அதே 1984-இல் கலிபோர்னியாவில் அசோசியேட்டட் நிறுவனத்துக்காக ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த வண்டி அது: தங்க நிறம் ஏற்றிய அலுமினியத் தொட்டி, நைலான் கைகள், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஷாக். அடுத்த வருஷமே டெல் மாரில் நடந்த முதல் மண்தட உலகப் போட்டியின் இருசக்கர ஓட்டப் பிரிவில் ஜே ஹால்சி அதை ஓட்டி ஜெயித்தார். நாலுசக்கர ஓட்டத்தில் யோகோமோவோடு கில் லோசி ஜூனியர். 1987-இல் இங்கிலாந்தின் ரோம்சியில் ஜோயல் ஜான்சன் கியோஷோ அல்டிமாவிலும், மசாமி ஹிரோசாகா ஷூமாக்கர் கேட்டிலும் ஜெயித்தார்கள். இந்தப் பட்டியலில் ஹார்னெட்டின் பெயர் எங்கும் வராது. வந்திருந்தால்தான் ஆச்சரியம். பந்தயத் தடத்தில் ஆர்.சி.10 பக்கத்தில் ஹார்னெட்டை நிறுத்துவதே நியாயமில்லை.

ஆனால் நண்பரின் ஆர்.சி.10 ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கொஞ்ச நேரத்தில் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. வண்டி சொன்னபடி கேட்கிறது, திருப்பிய இடத்தில் திரும்புகிறது. ஒரு நல்ல மாணவனைப் பற்றி ரொம்ப நேரம் பேச முடியாதல்லவா? கியோஷோவின் 1985 ஆப்டிமாவாவது சங்கிலி சத்தம் போட்டுத் தன் இருப்பைக் காட்டும். டாமியாவின் 1988 அவான்டே இன்னொரு துருவம். அத்தனை அலுமினியம், அத்தனை உருண்டை மூட்டுகள், அத்தனை விலை. ஓடவிட்டால் கனமும் பலவீனமும் சேர்ந்து தெரியும். அதைப் பிரித்து மேசைமேல் பரப்பி வைத்துப் பார்ப்பதுதான் அதன் சிறந்த உபயோகம் என்பது என் கட்சி. 1985 ஹாட்ஷாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: கியரில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டிய அமைப்பை யோசித்தவர், பிறகு தானே ஒரு தடவை அதைப் பழுதுபார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

சரி, ஹார்னெட்டுக்கு வருவோம். துள்ளலை ஒழிக்கக்கூடாது என்பதற்காக, பழைய வண்டியை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருஷம் ஆன ஷாக்கில் எண்ணெய் இல்லாமல் குதிப்பது துள்ளல் இல்லை, நோய். பழுதுபார்ப்பவரின் வேலை அந்த இரண்டையும் பிரித்தறிவதுதான். எது வடிவமைப்பில் வந்தது, எது தேய்மானத்தில் வந்தது என்று தெரியாமல் கை வைக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள்.

கை வைப்பது என்றால் முதலில் திருப்புளியில் ஆரம்பிக்க வேண்டும். பழைய டாமியா வண்டிகளை மோட்டாரோ மணலோ அழித்ததைவிட நம் வீட்டு ஸ்டார் திருப்புளி அழித்தது அதிகம். அந்த ஸ்க்ரூக்களின் குறுக்கு வெட்டு ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். படி வெட்டியது. கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதில் முழுசாக உட்காராது. பார்வைக்குப் பொருந்தும், அழுத்தித் திருப்பினால் நழுவி மேலே ஏறும், ஏறும்போது வெட்டின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போகும். இரண்டு முறை அப்படி ஆனால் அந்த ஸ்க்ரூ இனி துளையிட்டுத்தான் வெளியே வரும். ஒசாகாவின் வெஸல் மாதிரி ஜப்பானிய முனை கொண்ட 2-ஆம் எண் திருப்புளி ஒன்று வாங்கிவிட்டால் பெரும்பாலான ஸ்க்ரூக்களுக்கு அதுவே போதும். சின்னவற்றுக்கு 1-ஆம் எண். விலை அதிகம் என்று முனகுகிறவர்கள் அதே வாரம் நிறமேற்றிய அலுமினிய ஷாக் செட்டுக்குப் பல மடங்கு கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டும்போது இன்னொரு பழக்கம் வேண்டும். பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்குகிற ஸ்க்ரூ இது. அதைத் துளையில் வைத்ததும் வலப்பக்கம் திருப்பக்கூடாது. முதலில் மெதுவாக இடப்பக்கம் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் ‘டிக்’ என்று இறங்கும். அது பழைய மரையின் வாய். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பழைய தடத்திலேயே போகும். அந்த ‘டிக்’ கேட்காமல் திருகுகிறவர் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டுகிறார். நாலைந்து முறைக்குப் பிறகு துளையில் பிடிமானம் என்று எதுவும் மிஞ்சாது. ஒரு பழைய வண்டியை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது பாடியை அல்ல, இந்தத் துளைகளைத்தான். முன் சொந்தக்காரருக்குப் பொறுமை இருந்ததா என்பது அங்கே தெரிந்துவிடும்.

உடைந்த இடம் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் பசை தடவுவது அடுத்த பாவம். தொட்டி ஏபிஎஸ், மற்ற பாகங்களில் பலவும் நைலான். சந்தேகம் வந்தால் வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு துளி அசிட்டோன் வையுங்கள். இளகி ஒட்டினால் ஏபிஎஸ், ஒன்றும் ஆகாமல் காய்ந்தால் நைலான். ஏபிஎஸ் விரிசலுக்கு ஃபெவிக்விக் வைக்கிறவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், தொட்டி வளையும்போது மறுபடி அதே கோட்டில் பிளக்கும். விரிசல் முடிகிற நுனியில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. பிறகு அதே நிறத்து ஏபிஎஸ் சட்டத் துண்டுகளை அசிட்டோனில் ஊறப்போட்டுக் குழம்பாக்கி, உள்பக்கமாகப் பூசி, மேலே ஒரு பட்டை வைத்து ஒட்ட வேண்டும். ஓரிரு நாள் தொடாமல் விட்டால் இரண்டு பிளாஸ்டிக்கும் ஒன்றாகிவிடும். வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய கோடு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

நைலானை ஒட்டவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உடையாமல் காப்பாற்றலாம். நைலான் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஜாதி. வருஷக்கணக்கில் பரணில் காய்ந்து கிடந்தால் பொரிபொரியென்று ஆகிவிடும், முதல் மோதலிலேயே போய்விடும். வெந்நீரில் போட்டு ஊறவிட்டால் வளைகிற குணம் திரும்ப வருகிறது. வறண்ட ஊர்களில் இருப்பவர்கள் இதை ஒரு சடங்காகவே செய்கிறார்கள். சென்னைக் காற்றில் நைலானுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் இதே காற்று ஸ்க்ரூ தலைகளைத் துருவேற்றி, ஸ்டிக்கர் பசையை இளக்கிவிடும் என்பதால் நாம் ரொம்ப மகிழ்ச்சியடைய வேண்டியதில்லை. கடற்கரை மணலில் ஓட்டியவர் வீடு வந்ததும் பேரிங்குகளைக் கழற்றித் துடைக்காவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சக்கரம் முனகும்.

பாடியைப் பற்றிச் சண்டையே நடத்தலாம். ஹார்னெட்டின் பாடி லெக்ஸான். உள்பக்கமிருந்து வண்ணம் அடித்தது. அதைப் புதுப்பிக்கிறேன் என்று கண்ட கரைப்பானையும் ஊற்றினால் அடுத்த நாள் வலைவலையாக வெடித்துக் கிடக்கும். ஸ்க்ரூ இளகாமலிருக்கத் தடவும் நீலத் திரவம் ஒரு துளி பட்டாலும் அதே கதிதான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழந்துணியும் நிறைய நேரமும் போதும். பிளந்த ஓரத்துக்கு உள்பக்கம் மெல்லிய வலைத்துணியும் காய்ந்த பிறகும் ரப்பர்போல வளைகிற செருப்புப் பசையும். டாமியாவின் கிராஸ்ஹாப்பர் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. அதன் வெள்ளைக் கெட்டிப் பிளாஸ்டிக் பாடி மஞ்சளாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கிறார்கள். செய்த அன்று பளிச்சென்று இருக்கும், ஆனால் மஞ்சள் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதன் வயதை அதனிடமே விட்டுவிடுவது எனக்குப் பிடிக்கும்.

டிரைவர் பொம்மையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பழைய ஹார்னெட் வாங்கினால் பெரும்பாலும் தலை இருக்காது. தலையில்லாத வண்டியை ‘முழுமையானது’ என்று விற்கிறவர்களிடம் நான் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை. ஹெல்மெட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, கன்னத்தில் நிழலாக ஒரு தடவல், கண்ணுக்கு வெள்ளை வைக்காமல் அடர்பழுப்பு மட்டும். வெள்ளை வைத்தால் பேயைப் பார்த்தவன்போல விழிப்பான். ஒரு முழு மாலையை இதற்குச் செலவழிக்கலாம். வண்டி ஓடும்போது யாருக்கும் தெரியப்போவதில்லை.

கியர்பாக்ஸில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை, ஏனென்றால் அங்கே எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். மென்மையான அலுமினியப் பினியனை எடுத்துவிட்டு இரும்புப் பினியன். பழைய பெட்டியைத் திறந்தால் கிரீஸ் சாம்பல் நிறத்தில் இருக்கும். அது பினியன் தேய்ந்து கலந்த தூள், பிளாஸ்டிக் பற்களை அரைக்கிற தூளும் அதுவே. கழுவிவிட்டுக் குறைவாகக் கிரீஸ் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் புஷ்ஷுகள் இருக்கும் இடத்தில் எல்லாம் பேரிங். டாமியாக்காரர்கள் பேச்சில் 1150 என்றால் வெளிவட்டம் 11 மில்லிமீட்டர், உள்வட்டம் 5. புது மோட்டார் வாங்குவதற்கு முன் பேரிங் வாங்குங்கள். பாதிப்பேருக்குப் புது மோட்டார் ஆசை அதோடு தீர்ந்துவிடும். டிஃபரென்ஷியலுக்குள் கெட்டியான, ஒட்டுகிற கிரீஸ் வைத்து இறுக்குவது நல்லது. காற்றில் தூக்கிய சக்கரம் சும்மா சுழன்று சக்தியை வீணாக்காது. துள்ளுகிற வண்டியில் ஒரு சக்கரம் அடிக்கடி காற்றில்தானே இருக்கும்.

ஷாக்குக்கு வருகிறேன். இதற்குத்தான் இத்தனை சுற்று.

பழைய ஷாக்கைத் திறந்து கவிழ்த்தால் எண்ணெய் என்று எதுவும் விழாது, அல்லது கறுப்பாக ஒரு துளி வழியும். உள்ளே ஓ-ரிங் விறைத்துப் போயிருக்கும். தண்டைக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி ஆடினால் வளைந்திருக்கிறது. வளைந்த தண்டு எந்த ஓ-ரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும். நேராக இருந்து மேலே கீறல் மட்டும் இருந்தால் 2000 எண் ஈர உப்புத்தாளில் சுற்றித் தேய்த்துவிடலாம். புது சிலிகான் ஓ-ரிங்கில் எண்ணெய் தடவியபின் நுழைக்க வேண்டும். தண்டின் மரை அதைக் கிழிக்காமலிருக்க முனையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தாள். பிறகு எண்ணெய் நிரப்பி, தண்டை அவசரமில்லாமல் மேலும் கீழும் இழுத்து, குமிழிகள் எல்லாம் மேலே வந்து வெடிக்கும்வரை நிற்கவிட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களின் ஷாக்குதான் ஓடும்போது ‘ஸ்குவிக் ஸ்குவிக்’ என்று சத்தம் போடும். இரண்டு ஷாக்கையும் முடித்தபின் தண்டோடு தண்டு வைத்து எதிரெதிராக அழுத்துங்கள். ஒன்று முதலில் உள்ளே போனால் மற்றதோடு சமமில்லை, மறுபடி திறக்க வேண்டியதுதான்.

எந்த எண்ணெய்? இங்கேதான் என் தரப்பும் துள்ளலை ஒழிப்பவர்கள் தரப்பும் பிரிகின்றன. ரொம்பக் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் ஷோரூம் தரையில் வண்டி கம்பீரமாக உட்காரும். மண்ணில் விட்டால் முதல் மேட்டில் ஏறி அமுங்கிய ஷாக் இரண்டாவது மேடு வருவதற்குள் திரும்ப விரிந்திருக்காது. மூன்றாவது மேட்டில் முழுசாக அமுங்கியே கிடக்கும், அச்சு நேராகச் சேஸியை இடிக்கும். துள்ளல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் ஸ்பிரிங்கே இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். நான் செய்கிற சோதனை இது: பேட்டரியும் போட்டு, முழு எடையில், ஒரு சாண் உயரத்திலிருந்து பின்பக்கத்தை விடுவேன். விழுந்ததும் அப்படியே ஒட்டிக்கொண்டால் எண்ணெய் கெட்டி. இரண்டு முறை எழும்பினால் தண்ணி. ஒருமுறை எழும்பி, மறுமுறை எழும்ப நினைத்து, பாதியில் மனம் மாறி உட்கார வேண்டும். அந்தப் பாதிதான் ஹார்னெட். ஊரின் வெயிலுக்குத் தக்கபடி எண்ணெய் மாறும் என்பதால் எண் சொல்லமாட்டேன். சித்திரையில் சரியாக இருந்தது மார்கழிக் காலையில் கெட்டியாகத் தோன்றும்.

ஐந்தாவது ஷாக் பற்றிக் கேட்பீர்கள். இதே கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு உயரமாக ஆடுகிற டாமியாவின் லஞ்ச் பாக்ஸ் வண்டியில், கியர்பாக்ஸுக்கும் சேஸிக்கும் நடுவே படுக்கவைத்த அந்த ஷாக் அவசியம் என்று நானும் சொல்வேன். ரசிகர்களே கண்டுபிடித்த அருமையான வைத்தியம் அது. தாழ்வாக ஓடும் ஹார்னெட்டுக்கு வேண்டாம். முன்பக்கம் சறுக்கினால் பம்பருக்குப் பின்னால் கொஞ்சம் ஈயம் வையுங்கள், போதும்.

என் பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே அவர் சுற்றிக்கொண்டுவந்த ஹார்னெட் அட்டைப்பெட்டியின் ஓவியம், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு வண்டி, இன்றும் டாமியா பெட்டிகள் எல்லாவற்றையும் நான் அளக்கிற அளவுகோல். “இதை நீயே பூட்டணுமாம்டா” என்று அவர் சந்தேகத்தோடு சொன்னார். அந்தக் காலத்து 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் ஆறு நிறம்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். ஏரியல் நுனியில் அந்த நிறத்து ரிப்பனைக் கட்டியிருக்க வேண்டும். தெருவில் இன்னொரு பையனிடமும் மஞ்சள் கிரிஸ்டல் வந்துவிட்டால் முடிந்தது கதை. அவன் திருப்பினால் என் வண்டி சாக்கடைக்குள் போகும். மோட்டார் முதுகில் மூன்று சின்னக் கபாசிட்டர்களை ஈயம் வைத்து ஒட்டியது அலங்காரத்துக்கு இல்லை. பிரஷ்ஷின் தீப்பொறியே ரேடியோவைக் குழப்பும் என்பதற்குத்தான். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஏரியல் குழாயை மட்டும் நான் இன்னும் கழற்றவில்லை.

மூன்று படி ஸ்பீடு கண்ட்ரோலர் என்றால் இப்போது சிரிப்பார்கள். சர்வோ ஒரு தகட்டை நகர்த்தும், தகடு தொடுமுனையில் உரசும், பீங்கான் ரெசிஸ்டர் சூடேறும். முதல் படியில் ஊர்ந்து, இரண்டாவதில் ஒரு உதறல், மூன்றாவதில் பாய்ச்சல். ரிச்சி தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்த ஓர் அண்ணன் அந்தத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஈயம் ஏற்றித் தந்தது நினைவிருக்கிறது. “கருகினா திரும்பக் கொண்டா தம்பி, கத்தி வச்சுச் சுரண்டாத” என்றார். அந்தப் புத்திமதியை இப்போது யார் யாருக்குச் சொல்வது? பெட்டியைத் திறந்து சார்ஜ் போட்டு ஓட்டுகிற வண்டிகள் வந்தபின், உடைந்தால் எந்தப் பாகம் உடைந்தது என்றே சொல்லத் தெரியாத தலைமுறை இந்தப் பொழுதுபோக்கில் வந்துவிட்டது. படம் வரைந்து படிப்படியாக விளக்கும் அந்தக் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வண்டியை எழுப்பாதவருக்கு அதைப் பழுதுபார்ப்பது வெறும் செலவு.

சொந்த வண்டியில் எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் போட்டிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பழைய தகட்டுக் கண்ட்ரோலருக்கு லித்தியம் பாலிமர் பேட்டரி கொடுப்பது மட்டும் கூடாது. செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த பேட்டரி கெடும், நிறுத்தச் சொல்ல அந்தத் தகட்டுக்குத் தெரியாது. அந்தக் காலத்து 1200 மில்லிஆம்பியர்-மணி நிக்கல் காட்மியம் பேட்டரி சாகும்போது வண்டி தானே மெதுவாகித் தகவல் சொல்லும். இன்னொரு கொடுமையும் உண்டு. உருண்டை செல்களுக்காக வளைவாக வார்த்த பழைய டாமியா தொட்டிகள் பலவற்றில் சதுர மூலை லித்தியம் பேட்டரி உட்காராது என்று தொட்டியின் உள்வரிகளை அரைத்துத் தள்ளுகிறார்கள். 3000-த்துக்கு மேல் கொள்ளளவுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி அதே வளைவில் அமைதியாக உட்காருகிறது. உளியை எடுப்பதற்கு முன் கடையில் கேட்டுப் பார்க்கக்கூடாதா?

சேகரிப்பாளர்களோடு எனக்கு வேறு மனக்கசப்பு. 2004-இல் ஹார்னெட் மறுபடி வந்தபோது அவர்கள் முகம் சுளித்தார்கள். பழைய பெட்டியின் விலை இறங்கிவிடும் என்ற கவலை அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கோ கொண்டாட்டம். டயர், கியர், டிரைவர் தலை எல்லாம் மறுபடி கிடைத்தன, பழைய தொட்டியில் மறுப்பில்லாமல் பொருந்தின. மணல் வண்டிகளின் மூத்தவர் ரஃப் ரைடரும் 2009-இல் பக்கி சாம்ப் என்ற பெயரில் திரும்பினார். பெயர் போனது, வார்ப்பு அலுமினியம் வந்தது. போதும். பிளாஸ்டிக் உறை கிழிக்காத பெட்டியை அலமாரியில் வைத்து விளக்குப் போட்டுப் பார்ப்பவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்கள் வைத்திருப்பது ஓவியம், அவ்வளவுதான். இங்கிலாந்தின் பிஸ்டரில் லிட்டில் கார் கம்பெனி டாமியாவின் வைல்ட் ஒன்னை மனிதர் உட்கார்ந்து ஓட்டும் அளவில் செய்தபோது எனக்குப் பொறாமை வந்தது, ஹார்னெட்டைச் செய்யவில்லையே என்று. அந்தப் பின் அச்சோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் முதுகெலும்பு என்ன ஆகியிருக்கும் என்பது பிறகுதான் தோன்றியது.

அலுமினியம் போட்டு எல்லாவற்றையும் இறுக்குகிறவர்கள்தான் கடைசி வழக்கு. முன் கையை அலுமினியமாக்கினால் கை உடையாது, அது மாட்டியிருக்கும் தொட்டியின் காது உடையும். கை விலைக்குக் கிடைக்கும், தொட்டி அவ்வளவு சுலபமில்லை. முதலில் உடைய வேண்டியது மலிவான பாகம் என்ற கணக்கை ஷிசுவோகாவின் டாமியாக்காரர்கள் நமக்கு முன்பே போட்டுவிட்டார்கள். மோட்டாருக்கும் இதே கணக்குதான். சாதாரண வெள்ளி நிற 540, அதிகம் போனால் ஸ்போர்ட் ட்யூன்ட். அதற்கு மேலே போனால் கீல் பிடிமானத்தில் அழுத்தம் ஏறுகிறது, பிளாஸ்டிக் பற்கள் உரிகின்றன, ஒரு சாணுக்கு நான் அமைத்த அந்தப் பாதித் துள்ளல் முழுக் கரணமாகிறது.

ஆர்.சி.10 நண்பர் போன மாசம் ஆசைப்பட்டு ஒரு ஹார்னெட் வாங்கினார். வாங்கிய கையோடு பிரஷ்லெஸ் மோட்டார் மாட்டினார். முதல் நாளே பல்சக்கரம் மொட்டையானது. என்னிடம் உதிரி செட் இருப்பது அவருக்குத் தெரியும்.

“ஒரு செட் கொடுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

கொடுத்தேன். மறுபடி அந்த மோட்டாரைப் பூட்டினால் அடுத்த செட் கிடையாது என்றும் சொன்னேன்.

“அப்படின்னா நான் ஆர்.சி.10-ஐயே ஓட்டிக்கிறேன்.”

“தாராளமா ஓட்டுங்க. ஹார்னெட்டை எங்கிட்ட வித்துடுங்க, தலையோட சேர்த்து” என்றேன். விலை இன்னும் படியவில்லை.